மூன்று மீட்டர் நிதானம்

வேகமாக நடப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பாசம் பொங்கிவிடும். ஓடி வந்து தடுத்து நிறுத்துகிற பாசம். "இரும்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்கிற அழகே தனி. அதட்டல் இருக்காது, எரிச்சல் இருக்காது, சுளுக்குக்கு ஒத்தடம் கொடுக்கிற இதம் இருக்கும். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாம் இருக்க வேண்டியதுதான்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கல்யாண மண்டபத்துக்கும் டைல்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் கம்பெனி இருந்தது. ரேடியோ டிரான்ஸ்மிட்டர் செய்கிற கம்பெனி. இரண்டாவது மாடியில் எங்கள் பிரிவு, அவர் அதற்குத் தலைவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒரு கீற்று விபூதி, பெல்ட்டில் ஒரு பக்கம் செல்போன் உறை, மறுபக்கம் தச்சர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு இரும்பு டேப். எதையாவது அளந்துகொண்டே இருப்பார். புதிதாக வந்த நாற்காலியின் உயரத்தைக்கூட அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் அவரிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

எங்கள் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது, புரிந்துகொள்ளாமல் திட்டினால் பாவம். டிரான்ஸ்மிட்டரின் கடைசியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கும். சிக்னலைப் பெரிதாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புவது அதன் வேலை. அதற்கு எந்நேரமும் முழு மின்சாரம் கொடுத்தால் பாதி வெறும் சூடாகப் போய்விடும். அதனால் சிக்னல் ஏறும்போது மின்சாரத்தை ஏற்றி, இறங்கும்போது இறக்கிக் கொடுக்க ஒரு சப்ளை போர்டு உண்டு. ஆக, சிக்னல் ஒரு வழியாக வரும். 'இப்போது இவ்வளவு வேண்டும்' என்கிற தகவல் இன்னொரு வழியாகப் போய், சப்ளை போர்டுக்குள் புகுந்து, மின்சாரமாக வரும். இரண்டும் ஆம்ப்ளிஃபையரில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஒரு நானோ செகண்ட், அதாவது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, முன்னே பின்னே ஆனாலும் சிக்னல் நசுங்கும். நசுங்கியது பக்கத்து அலைவரிசையில் போய் வழியும். அங்கே இருப்பவன் வந்து நம் சட்டையைப் பிடிப்பான்.

இதை எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த அன்று பக்கத்து மண்டபத்தில் முகூர்த்தம். சுவரைத் தாண்டிக் கெட்டிமேளம் கேட்டது. "பாரும்மா, அங்கே தாலி கட்டறதும் இங்கே மேளம் அடிக்கறதும் ஒண்ணா வரணும். மேளம் முந்திடுச்சுன்னா மாப்பிள்ளை திணறுவான். பிந்திடுச்சுன்னா சபை சிரிக்கும்" என்றார். பிறகு விரலை ஆட்டி, "சப்ளை போர்டு எப்பவும் மெதுவாத்தான் வரும். அதை விரட்ட முடியாது. வேகமா வர்றதை வழியிலே நிறுத்தி வெக்கலாம். அவ்வளவுதான் இந்தத் தொழில்" என்றார்.

இதில் ஒரு தப்பும் கிடையாது. நானும் இன்று வரை அப்படித்தான் செய்கிறேன். வேறு வழியும் இல்லை. அவர் செய்த கோளாறு என்னவென்றால், அந்த விதியைப் போர்டோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கேன்டீனுக்கும் கொண்டுபோனதுதான்.

பதினொரு மணிக்கு டீ வரும். எங்கள் பிரிவில் ஆறு பேர். ஆறு பேரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் யாரும் டம்ளரைத் தொடலாம். ஒருவர் போனில் பேசிக்கொண்டிருப்பார், ஒருவர் சால்டரிங்கை முடித்துவிட்டு வருகிறேன் என்பார், மற்ற நாலு பேரும் ஆவி அடங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டீ கொண்டு வருகிற அக்கா முடிச்சூர்க்காரர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கேட்டே விட்டார்.

"இன்னா சார் இது. நான் ரெண்டு மாடி சூடா தூக்கினு வரேன், நீங்க ஆற வெச்சிகினு குந்திகினு கீறீங்க. நாளைக்கு ஐஸ் போட்டே கொண்டாந்துடட்டா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் ஒண்ணா குடிச்சா அது ஒரு சந்தோஷம்மா" என்றார். டீயில் ஆடை படர்ந்திருந்தது. அதை விரலால் ஓரம் கட்டிவிட்டு நாங்கள் சந்தோஷமாகக் குடித்தோம்.

டீயோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பிளஸ் டூவில் ஒரு பேப்பர் போய் வீட்டில் இருந்தாள். அடுத்த வருஷம் சின்னவள் நல்ல மார்க் வாங்கிப் பாஸ் செய்தாள். பெரியவளும் தேறினாள்தான், ஆனால் காலேஜ் சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு வந்த மறுதேர்வு முடிவில். அவர் என்ன செய்தார் தெரியுமா? சின்னவளையும் ஒரு வருஷம் வீட்டில் நிறுத்தி வைத்தார். அதற்கடுத்த வருஷம் இரண்டு பேரையும் பொத்தேரியில் ஒரே காலேஜில், ஒரே வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொன்னார். பெருமையாகச் சொன்னார். "ஒரே பஸ்ஸு, ஒரே புஸ்தகம். அக்கா பின்தங்கிட்டா, தங்கச்சி முந்திட்டாங்கற பேச்சே வீட்டிலே கிடையாது பாருங்க."

"சின்னவ என்ன சார் சொன்னா?" என்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லுவா, நல்ல பொண்ணு. ஒரு ஆறு மாசம் என்கிட்டே பேசலை. அப்புறம் பேசிட்டா."

நல்லபடியாக முடிந்த கதையைச் சொல்கிறவர் முகத்தோடு அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் அவளுக்காக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீக்கிரமே அதே கோபம் எனக்காகவும் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

நானும் முரளியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிக்னல் பாதை என் பொறுப்பு, சப்ளை போர்டு முரளியின் பொறுப்பு. முரளி வண்டலூர்க்காரன். ஒரு திருகாணியை முடுக்கினால் இரண்டு தடவை தள்ளி நின்று பார்ப்பான். வேலை சுத்தமாக இருக்கும், நேரமாகும். நான் அப்படி இல்லை. காலையில் ஒரு யோசனை வந்தால் மத்தியானத்துக்குள் அதைச் செய்து பார்த்து, தப்பு என்று தெரிந்து, அடுத்த யோசனைக்குப் போயிருப்பேன். ஒரு வருஷம் கழிந்ததும் வேலையை நிரந்தரமாக்க ஒரு படிவம் உண்டு. பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மார்ச்சில் எங்கள் இரண்டு பேர் படிவமும் அவர் கைக்கு வந்தன. முரளியின் போர்டு இன்னும் தேறவில்லை. என் பங்கு வேலை முடிந்திருந்தது.

"இரும்மா" என்றார். "டிரான்ஸ்மிட்டர் பாஸாகட்டும். ரெண்டையும் ஒண்ணா அனுப்பறேன்."

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் பெங்களூரிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. எங்கள் கம்பெனிக்கு அங்கே ஒரு டிசைன் கூடம் இருந்தது. டிரான்ஸ்மிட்டர்களைப் புதிதாக யோசித்து வரைவது அங்கேதான். பெருங்களத்தூரில் நாங்கள் அவர்கள் வரைந்ததைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்வோம். அந்தக் கூடத்தில் ஒரு இடம் காலி. நிரந்தர ஊழியர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் நவம்பரின் கடைசி வெள்ளி. எனக்கு அந்த வேலை வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நேர்காணலுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இரும்புலியூரை விட்டுத் தாம்பரம் வரை போய் நின்ற நாட்கள் உண்டு.

அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு டிரான்ஸ்மிட்டர் பாஸாக வேண்டும். டிரான்ஸ்மிட்டரோ பாஸாக மாட்டேன் என்று அடம் பிடித்தது.

சுத்தமான சிக்னல் திரையில் ஒரு மேசையை வரைந்த மாதிரி தெரியும். மேலே தட்டை, இரண்டு பக்கமும் செங்குத்து. எங்களுடையதற்கு இரண்டு பக்கமும் தோள்பட்டை முளைத்திருந்தது. அந்தத் தோள்பட்டைதான் பக்கத்து அலைவரிசையில் வழிகிற கழிவு. எங்கேயோ நேரம் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அவர் நேரத்தை அளக்கிற முறையே ஒரு வைபவம். அவரிடம் இரண்டு கேபிள்கள் இருந்தன. சிவப்பு டேப் சுற்றியது சிக்னலுக்கு, நீல டேப் சுற்றியது சப்ளைக்கு. இரண்டும் மூன்று மீட்டர், அவரே அளந்து வெட்டியது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பார், மீசை இல்லை என்பது வேறு விஷயம். ஆம்ப்ளிஃபையரில் இரண்டு பாதையும் சேர்கிற இடத்திலிருந்து இந்த இரண்டு கேபிளையும், சிக்னலைக் கோடாக வரைந்து காட்டுகிற ஸ்கோப்புக்கு இழுத்து, எது முந்துகிறது என்று திரையில் பார்ப்பார். ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். சிவப்பை நீலத்தின் இடத்தில் மாட்டக் கூடாது, நீலத்தைச் சிவப்பின் இடத்தில் மாட்டக் கூடாது. மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. ஸ்கோப்பில் சிக்னல் முந்தி வரும். அதற்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பு சேர்ப்பார். இரண்டும் ஒன்றாகத் தெரியும். அவர் முகம் மலரும். அங்கே ஆன்டெனா பக்கம் பார்த்தால் தோள்பட்டை அப்படியே நிற்கும்.

நான் ஸ்கோப்பை விட்டுவிட்டேன். ஆன்டெனாவுக்குப் போகிற சிக்னலைப் பார்த்துக்கொண்டே, காத்திருப்பைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் தோள்பட்டை தானாக அமுங்கியது. அவர் வைத்த அளவைவிட அது இரண்டு நானோ செகண்ட் குறைவு. ஓடிப் போய்ச் சொன்னேன். ஓடிப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு.

"நீ குறைக்கத்தாம்மா சொல்லுவே" என்று சிரித்தார். "ஸ்கோப்பிலே ரெண்டும் ஒண்ணா இருக்கு. நீ அதைக் கலைச்சு வெச்சுட்டு, வெளியே அழகா தெரியுதுங்கறே. உள்ளே வேற எங்கேயோ ஒரு தப்பு இருக்கு. உன் நம்பர் அதை மூடி மறைக்குது. நாளைக்கு வெயில்லே சூடேறினா அது வெளியே வரும். இரும்மா, மூலத்தைக் கண்டுபிடிப்போம்."

வாதம் என்னமோ நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை. அவர் மடையராக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் வென்றிருப்பேன். சாயங்காலம் என் அளவை வைத்துவிட்டுப் போனால் காலையில் அவர் அளவு உட்கார்ந்திருக்கும். இப்படியே எட்டு மாதம் போனது. மூலம் கிடைக்கவில்லை. பழி மாறி மாறி முரளியின் போர்டு மேலும் என் அவசரத்தின் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

நேரே எம்.டி.யிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். மூன்றாவது மாடி. "அவர் போட்டா நான் ரெண்டு நிமிஷத்துல போட்டுடறேன். அவரைத் தாண்டி எப்படிம்மா?" என்றார்.

கடைசி வெள்ளியும் வந்தது. ஐந்து மணியோடு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். நான்கு மணிக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

"சார், இன்னைக்குத்தான் கடைசி."

"தெரியும்மா."

"ஒரு கையெழுத்துதான் சார்."

"நீ மட்டும் ஆயிட்டா முரளி முகம் என்ன ஆகும், யோசிச்சுப் பார்த்தியா? கூட சேர்ந்த பையன்."

"முரளி பெங்களூருக்கு விண்ணப்பமே போடலை சார்."

"போடுவான். இப்பதான் சொல்லியிருக்கேன். இரும்மா."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. என் பேனாவை வாங்கி, மூடி சரியாகப் போடவில்லை என்று மூடிக் கொடுத்தார். நான் கழுவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர் வெளியே கேபிள்களில் ஒட்ட லேபிள் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளி போய்ப் பதினோராம் நாள் மழை. பெருங்களத்தூர் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நகரவில்லை. எங்கள் பிரிவில் வந்து சேர்ந்தது நானும், பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு முரளியும்தான். அவர் சேலையூரில் மாட்டிக்கொண்டு போன் செய்தார். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

போனை வைத்ததும் முரளி கேட்டான். "அந்த ரெண்டு கேபிளையும் மாத்தி மாட்டிப் பார்த்தா என்ன?"

"சாமி குத்தம் ஆயிடும்டா" என்றேன்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை. ஆறு மாசமா இதையே யோசிச்சிட்டிருக்கேன். சொன்னா, இவன் தன் போர்டைக் காப்பாத்தப் பாக்கறான்னுவாரு."

மாற்றி மாட்டினோம். இரண்டு கேபிளும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டால் ஸ்கோப்பில் ஒரு மாற்றமும் தெரியக் கூடாது. சேர்ந்திருந்த இரண்டு கோடுகளும் விலகி நின்றன. நாலு நானோ செகண்ட் வித்தியாசம். கேபிளை இடம் மாற்றியதால் இரு மடங்காகத் தெரிகிறது, உண்மையான வித்தியாசம் அதில் பாதி. இரண்டு. எட்டு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே இரண்டு.

முரளி சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நீ எனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு ஆபீஸ் முழுக்கத் தெரியும். டீ குடுக்கற அக்கா கூட என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுது. எனக்காக யாரையும் நிறுத்தி வைங்கன்னு நான் கேட்டேனா?" என்றான். அவனுக்கும் இது இப்படி வலித்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. என் பங்குக்கு நானும் அவனை மனசுக்குள் நிறையத் திட்டியிருந்தேன்.

பதினோரு மணிக்கு அவர் நனைந்துபோய் வந்தார். கேபிள் இடம் மாறியிருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. நான் திரையைக் காட்டினேன். அவர் இரண்டு கேபிளையும் கழற்றி மேசை மேல் நீட்டி, பெல்ட்டிலிருந்து டேப்பை உருவி அளந்தார். மூன்று மீட்டர். மூன்று மீட்டர்.

"பாரும்மா. ஒரே நீளம்."

"நீளம் ஒண்ணுதான் சார். கேபிள் வேற வேற."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேபிள் தோலில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார். நீலம் பழையது. சிவப்பு இரண்டு வருஷம் முன்னால் அறுந்துபோய்ப் புதிதாக வாங்கி வெட்டியது. பழையதில் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக், புதியதில் நுரை மாதிரி ஒன்று. நுரையில் சிக்னல் வேகமாக ஓடும். கல்லூரியில் இரண்டாம் வருஷத்துப் பாடம் இது. ஆக, அவருடைய சிவப்புக் கேபிள்தான் சிக்னலை இரண்டு நானோ செகண்ட் முந்திக் காட்டியது. முந்துகிறதே என்று அவர் அதைக் கூடுதலாக நிறுத்தி வைத்தார். நிஜத்தில் அது அவ்வளவு முந்தவும் இல்லை, முரளியின் போர்டு அவ்வளவு பிந்தவும் இல்லை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் அளந்த மனிதர், நீளத்தை அளந்துவிட்டு நேரத்தை அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். என் அளவை அவரே தட்டினார். தோள்பட்டை அமுங்கியது. அடுத்த திங்கள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த சோதனை அதிகாரி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வடையைச் சாப்பிட்டுவிட்டு, பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் அயோக்கியப் பெண்ணாகிவிடுவேன். எட்டு மாதத் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். 'அளக்கும் கேபிளில் குறை' என்று ஒரு வரி எழுதினால் போதும், எம்.டி.யே அப்படித்தான் சொன்னார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. கேபிளைத் தேர்ந்தெடுத்தவன் நான், சோதிக்காமல் விட்டவன் நான், சரியான அளவை ஆரம்பத்திலேயே சொன்னவர் இந்தப் பெண், குறையைக் கண்டுபிடிக்க வழி சொன்னவர் இந்தப் பையன் என்று எங்கள் பெயரோடு எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மத்தியானம் முழுக்க அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

சாயங்காலம் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு படிவங்கள். இரண்டிலும் மை காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தாம்மா. ரெண்டும் ஒண்ணா போகுது. இப்ப திருப்தியா?"

"பெங்களூர் தேதி போயிடுச்சு சார்."

"அதனாலே என்ன, அடுத்த தடவை வரும். நீ வேகமான பொண்ணு. எட்டிப் பிடிச்சுடுவே."

கேபிள் விஷயத்தில் தான் செய்தது தப்பு என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தவருக்கு, இது தப்பு என்று தோன்றவே இல்லை. அதை அளக்க அவரிடம் ஒரு கருவியும் இல்லை. நான் அவரிடம் சண்டை போடவில்லை. வெளியில் வேலை தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் கிடைத்தது. புதிதாக வரைகிற வேலை. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், இங்கிருந்து ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட கடிதம் வேண்டும்.

ராஜினாமாவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். அவர் முகம் வாடியது நிஜம். "நல்லா வருவேம்மா" என்றார். கடிதத்தை இரண்டாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

"சார், அது இன்னைக்கே மேலே போகணும்."

"முரளியும் வெளியே தேடிட்டிருக்கான்மா. எனக்குத் தெரியும். அவனுக்கும் ஒண்ணு அமையட்டும். ரெண்டு பேரும் சேர்ந்தே சேர்ந்தீங்க, சேர்ந்தே போங்களேன். இரும்மா."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் இருக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எனக்கு வழி விட்டார், என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. இழுப்பறையை நானே திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டேன். முரளி உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறுவிறுவென்று எம்.டி. அறைக்கு மாடிப்படி ஏறினேன்.

பாதிப் படியில் கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"மெதுவா ஏறும்மா. படி ஈரமா இருக்கு, விழுந்துடப் போறே."

படி உண்மையிலேயே ஈரமாகத்தான் இருந்தது. அவர் அக்கறையாகத்தான் சொன்னார். எட்டு மாதமும் அவர் அப்படித்தான் அக்கறையாக இருந்தார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.